குளிரூரைக் கூவி விற்பது எப்படி? வின்னிபெக்கை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

வின்னிபெக்கில் ஜனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலை மைனஸ் 16 டிகிரி. இரவில் மைனஸ் 30-ஐத் தொட்டால் அங்கே அது செய்தியே இல்லை. கனடாவின் மானிடோபா மாகாணத் தலைநகர், ஏழரை லட்சம் பேர் வாழும் ஊர். மலை கிடையாது, கடல் கிடையாது, கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான சமவெளி. மற்ற ஊர்க் கனடியர்களே 'விண்டர்பெக்' என்று கிண்டலடிப்பார்கள். இப்படிப்பட்ட ஊருக்குச் சுற்றிப் பார்க்க வாருங்கள், வந்து தொழில் தொடங்குங்கள் என்று ஒருவரை எந்த முகத்தோடு கூப்பிடுவது?

கூப்பிடலாம். அந்த ஊர் கூப்பிட்டுக்கொண்டும் இருக்கிறது. நகர நிர்வாகம், சுற்றுலாச் சங்கம், ஹோட்டல் தொழில், வணிகர் சங்கம் என்று ஏதாவது ஒன்றில் இருந்துகொண்டு குளிர் ஊர் ஒன்றை வெளியுலகுக்கு எடுத்துச்சொல்ல வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வின்னிபெக்தான் அடிப்படை. ஏதாவது ஒன்றை வேறு ஊர் இன்னும் நன்றாகச் செய்திருந்தால் அங்கே போய்வருவோம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர்க்காரரே ஜனவரியில் வீட்டைவிட்டு வெளியே வராத ஊருக்கு வெளியூர்க்காரர் வரமாட்டார். அதனால் இந்த வழிகாட்டியில் விளம்பரம் ஏறக்குறைய கடைசியில்தான் வரும். வரிசையை மாற்றிச் செய்தால் பணம் கரையும்.

1. உங்கள் குளிர் எந்த ரகம் என்று பாருங்கள்

எல்லா ஊர்க் குளிரும் ஒன்றல்ல. நார்வேயின் ட்ரோம்சோ ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருந்தும், வெதுவெதுப்பான கடல் நீரோட்டத்தின் புண்ணியத்தில் ஜனவரியில்கூட மைனஸ் 3, 4 டிகிரியோடு நின்றுவிடும். அங்கே சவால் இருட்டு: நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழுவதே இல்லை. துருவ ஒளி பார்க்க வருகிறவர்களுக்கு அந்த இருட்டுதான் தேவை. ஜப்பானின் சப்போரோவில் குளிர் மிதம், பனிப்பொழிவு பயங்கரம். ஒரு குளிர்காலத்தில் சுமார் 5 மீட்டர் கொட்டும். 1950-இல் பள்ளி மாணவர்கள் ஓடோரி பூங்காவில் ஆறு பனிச்சிலைகள் செய்து வைத்ததில் தொடங்கியதுதான் இன்று உலகமே போய்ப் பார்க்கும் சப்போரோ பனித் திருவிழா.

வின்னிபெக்கின் குளிர் வேறு மாதிரி. கடுமையானது, ஆனால் வறண்டது. வானம் தெளிவாக இருக்கும், நல்ல வெயில் அடிக்கும். டிசம்பர் கடைசியிலும் எட்டு மணி நேரப் பகல் உண்டு. ரெட், அசினிபோயின் என்ற இரண்டு ஆறுகள் நகரின் நடுவே வந்து கூடுகின்றன, இரண்டும் உறைகின்றன. ஆக வின்னிபெக்கிடம் இருக்கும் சரக்கு வெயிலும் ஆற்று ஐஸும். சப்போரோவைப் பார்த்து ராட்சதப் பனிச்சிலை செய்யக் கிளம்பியிருந்தால் இரண்டாந்தர சப்போரோ ஆகியிருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது: வானிலைத் துறையின் பழைய பதிவுகளை எடுத்து மாதவாரியாக ஓர் அட்டவணை போடுங்கள். வெப்பநிலை, காற்று, பகல் நீளம், வெயில் நாட்கள், கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஐஸ் எப்போது நடக்குமளவுக்குக் கெட்டியானது, எப்போது இளகியது. காற்றுக்குத் தனிக் கட்டம் வேண்டும். மைனஸ் 20-இல் காற்றில்லாத நாள் சுகமாகவே இருக்கும். அதே மைனஸ் 20-இல் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றடித்தால் கதையே வேறு. கோடைக்கும் ஒரு வரிசை எழுதுங்கள். வின்னிபெக்கில் ஜூலைப் பகல் 26 டிகிரி, கூடவே பேர்போன கொசு. தொழில் தொடங்க வருகிறவர் பன்னிரண்டு மாதமும் அங்கே வாழப்போகிறவர், அவருக்கு முழு அட்டவணையும் வேண்டும்.

2. வசையை மேடையில் ஏற்றுங்கள்

1885-இல் நியூயார்க் பத்திரிகையாளர் ஒருவர் அமெரிக்காவின் செயின்ட் பால் நகரைப் பற்றி, அது இன்னொரு சைபீரியா, குளிர்காலத்தில் மனிதர் வாழ லாயக்கற்ற இடம் என்று எழுதிவிட்டார். ஊர் வணிகர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுப்புக் கடிதம் எழுதுவதோடு விடாமல், 1886-இல் குளிர்காலத் திருவிழாவே எடுத்து, ஐஸ் பாளம் பாளமாக அறுத்து ஓர் அரண்மனையைக் கட்டி நிறுத்தினார்கள். அந்த ஆண்டு மான்ட்ரியலில் பெரியம்மை பரவியதால் அங்கே நடக்கவிருந்த குளிர்கால விழா நின்றுபோயிருந்தது. மான்ட்ரியலின் ஐஸ் அரண்மனை நிபுணர்களையே செயின்ட் பால் கூப்பிட்டுக்கொண்டது. அந்தத் திருவிழா இன்றும் நடக்கிறது.

உங்கள் ஊரை எப்படியெல்லாம் திட்டுகிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். அதில் உண்மையாக இருக்கும் வசைகள்தான் உங்கள் மூலப்பொருள். 'நாங்கள் அவ்வளவு குளிர் இல்லை' என்று வாதாடும் வாசகம் எதையும் அச்சேற்றாதீர்கள். படிப்பவர் உடனே கைப்பேசியில் வெப்பநிலையைப் பார்த்துவிடுவார்.

3. முதலில் ஊர்க்காரரை வெளியே கொண்டுவாருங்கள்

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான ஊர்கள் தாண்டிக் குதிக்கும் படி இதுதான்.

வின்னிபெக்கின் மையத்தில் போர்ட்டேஜ், மெயின் என்ற இரண்டு பெருஞ்சாலைகள் சந்திக்கின்றன. கனடாவின் மிகக் குளிரான, காற்று மிகுந்த தெருமுனை என்று பெயர் வாங்கிய இடம். 1979-இல் அங்கே பாதசாரிகள் சாலையைக் கடக்க முடியாதபடி கான்கிரீட் தடுப்புகள் போட்டு, எல்லோரையும் தரைக்கடியில் உள்ள நடைவழிக்கு அனுப்பினார்கள். குளிரிலிருந்து மக்களைக் காப்பாற்றுகிற ஏற்பாடு என்றுதான் பார்க்கத் தோன்றும். விளைவு? ஊரின் மிகப் புகழ்பெற்ற முனையில் மனித நடமாட்டமே இல்லாமல் போனது. 2018-இல் பொதுவாக்கெடுப்பு வைத்தபோது மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானவர்கள் திறக்கவே வேண்டாம் என்றார்கள், அவ்வளவு பழகிவிட்டது. கடைசியில் தரையடி வழியின் பழுதுபார்ப்புச் செலவு எகிறியதும் நகர மன்றம் மனம் மாறியது. 2025 ஜூன் மாதம், நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு, மக்கள் மறுபடி அந்தச் சாலையைக் கடந்தார்கள்.

கூரையிட்ட நடைவழிகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மைனஸ் 35-இல் அலுவலகம் போகிறவருக்கு அவை தேவை. ஆனால் வெளியே நிற்கவும் ஒரு காரணம் இருக்க வேண்டும். அதே வின்னிபெக்கில் இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் பழைய ரயில்வே யார்டு ஒன்று கிடந்தது. 1980-களின் கடைசியில் அதைப் பொது இடமாக மாற்றினார்கள். அதுதான் 'தி ஃபோர்க்ஸ்'. சந்தைக் கட்டடம், சாப்பாட்டுக் கடைகள், வாசலிலிருந்து நேராக ஐஸுக்கு இறங்கும் வழி. பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கேட் கட்டிக்கொள்வது கதகதப்பான இடத்தில், சறுக்குவது வெளியே, கை விறைத்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி உள்ளே. உள்ளேயும் வெளியேயும் இப்படி மாறி மாறிப் போகும்படி இடத்தை அமைப்பதில்தான் குளிரூர் வடிவமைப்பின் பாதி வித்தை இருக்கிறது.

மீதிப் பாதிக்குக் கனடாவின் இன்னொரு குளிரூரான எட்மன்டனைப் பாருங்கள். 2012-இல் குளிர்காலத்துக்கென்றே ஒரு நகரத் திட்டம் போட்டார்கள். 2016-இல் குளிர்கால வடிவமைப்பு வழிகாட்டுதல்களையும் கொண்டுவந்தார்கள். சாரம் எளிது: காற்றைத் தடு, வெயிலைப் பிடி, வண்ணம் பூசு, விளக்கு போடு. உயரமான கட்டடம் கட்டினால் அதன் அடியில் காற்று சீறாதபடி கட்டு. தெற்கு பார்த்த சுவர் இருந்தால் அங்கே பெஞ்சு போடு. இப்படி வடக்கே இருக்கும் ஊர்களில் குளிர்கால வெயில் தெற்கே தாழ்வாக வரும். அந்தச் சுவரோரம் கம்பளி போர்த்திக்கொண்டு காபி குடிக்க ஜனவரியிலும் ஆட்கள் உட்காருவார்கள்.

அப்புறம் நடைபாதை. சொல்லவே சலிப்பூட்டும் விஷயம், ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியம். பின்லாந்தின் ஔலு நகரத்தில் மக்கள் பனிக்காலம் முழுக்க சைக்கிள் ஓட்டுகிறார்கள். முக்கியமான சைக்கிள் பாதைகளில் காலையில் ஆட்கள் கிளம்புவதற்கு முன்பே வண்டி வந்து பனியைத் தள்ளி, இறுக்கிச் சமன் செய்துவிட்டுப் போகும். அந்தப் பெயரை வைத்தே 2013-இல் குளிர்கால சைக்கிள் மாநாட்டின் முதல் கூட்டத்தை அங்கே நடத்தினார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மாநாடு எங்கே நடந்தது தெரியுமா? வின்னிபெக்கில். ஒரு நகராட்சிப் பனித்தள்ளும் வண்டி ஓர் ஊருக்கு மாநாடு கொண்டுவரும் என்றால் நம்ப மாட்டார்கள், ஆனால் நடந்தது அதுதான்.

சோதித்துப் பார்க்க: பனி பெய்த மறுநாள் காலை, பெட்டியை இழுத்துக்கொண்டு ஹோட்டலிலிருந்து பக்கத்துச் சாப்பாட்டுக் கடை வரை நடங்கள். சக்கரம் எங்கே சிக்குகிறதோ அந்த இடங்களைக் குறித்துக்கொண்டு நகராட்சிக்கு அனுப்புங்கள். அது சரியாகும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

4. வேறெங்கும் இல்லாத ஒரே ஒரு காட்சி

பத்து நிகழ்ச்சிகள் வேண்டாம். பெயர் சொன்னதும் படம் கண்ணில் வர வேண்டிய காட்சி ஒன்று போதும். வின்னிபெக் அதை உருவாக்கிய விதம் பாடமாக எடுத்துக்கொள்ளத் தக்கது.

உறைந்த ஆற்றின் மேல் ஸ்கேட்டிங் பாதை போடுவது பழைய வழக்கம். 2008-இல் 8.54 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்டு, கின்னஸ் சாதனை வாங்கினார்கள். கனடாவின் தலைநகரான ஒட்டாவாக்காரர்கள் தங்கள் ரிடோ கால்வாய் ஸ்கேட்டிங் பாதைதான் பரப்பளவில் பெரிது என்று இன்றும் வாதாடுவார்கள். இந்தச் சண்டையே இலவச விளம்பரம், வளர விடுங்கள். ஆனால் நீளத்தைப் பார்க்க யாரும் விமானம் ஏற மாட்டார்கள். இது அவர்களுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

2010-இல் 'வார்மிங் ஹட்ஸ்' வந்தது. ஸ்கேட்டிங் போகிறவர் காற்றுக்கு ஒதுங்க வழியோரம் சிறு குடில்கள் வேண்டும். அதை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்து ஒட்டுப்பலகைக் கொட்டகையாக அடித்துவிடாமல், உலகளாவிய கட்டடக்கலைப் போட்டியாக அறிவித்தார்கள். எங்கிருந்தும் யாரும் வரைபடம் அனுப்பலாம். ஒவ்வோர் ஆண்டும் சில வடிவங்கள் தேர்வாகும். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்களுக்கு ஓர் இடம், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் இடம், அழைக்கப்பட்ட பெரிய பெயர் ஒன்று. 2012-இல் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் கெரியின் நிறுவனமும், 2017-இல் சிற்பி அனிஷ் கபூரும் ஐஸ் பாளங்களை வைத்தே வடிவம் கொடுத்தார்கள். ஆற்றில் வெட்டி எடுத்த ஐஸ், அதுவும் அந்த ஊருக்கு இலவசச் சரக்கு. உருகாத குடில்களைச் சேர்த்துவைத்து அடுத்தடுத்த ஆண்டுகளில் மறுபடி இறக்குகிறார்கள்.

இதில் எத்தனை மாங்காய் விழுகிறது பாருங்கள். ஊர்க்காரருக்கு ஒதுங்க இடம். கட்டடக்கலை இதழ்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் புதுச் செய்தி. அவர்கள் போடும் படத்துக்கு நீங்கள் காசு தர வேண்டியதில்லை. தேர்வானவர்கள் பல நாடுகளிலிருந்து வந்து நின்று கட்டுகிறார்கள், ஊர் திரும்பி அதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரு விளம்பர ஏஜென்சிக்குக் கொடுக்கும் தொகையில் இதைப் பல ஆண்டு நடத்தலாம்.

2013-இல் சமையல்காரர் ஒருவரும் கட்டடக்கலைஞர் ஒருவரும் சேர்ந்து, அதே ஆறுகள் கூடும் இடத்தில், ஐஸின் மேலேயே தற்காலிக உணவகம் ஒன்றைப் போட்டார்கள். பெயர் 'ரா:ஆல்மண்ட்'. காலடியில் உறைந்த ஆறு, உட்கார மரத்தண்டு, அதன்மேல் விரித்த ரோமத் தோல், நீள மேசையில் முன்பின் தெரியாதவர்களோடு பக்கத்தில் உட்கார்ந்து பல சுற்று விருந்து. கோட்டைக் கழற்றாமல் சாப்பிட வேண்டும். தட்டு ஆறுவதற்குள் முடிக்க வேண்டும். வெயில்கால ஊர் எதுவும் இதை நகலெடுக்க முடியாது.

உங்கள் ஊருக்கு இதைச் செய்ய:

முதலில் ஊர்க்காரருக்கு ஏற்கெனவே இருக்கும் ஒரு பழக்கத்தைப் பிடியுங்கள். ஸ்கேட்டிங், மீன்பிடிப்பு, நீராவிக் குளியல், எதுவானாலும். அந்தப் பழக்கத்தில் இருக்கும் ஓர் அசௌகரியத்தை எடுத்துக்கொண்டு, அதைத் தீர்க்கும் பொறுப்பைக் கலைஞர்களிடம் கொடுங்கள். விதிகள் சுருக்கமாக இருக்கட்டும்: இவ்வளவு பணம், இவ்வளவு அளவு, இத்தனை நாளில் கட்ட வேண்டும், சறுக்கு வண்டியில் ஏற்றி இறக்க முடிய வேண்டும், காற்றுக்கும் குழந்தைகள் ஏறி விளையாடுவதற்கும் தாங்க வேண்டும். நடுவர் குழுவில் அரசியல்வாதிகளை உட்கார வைக்காதீர்கள். அறிவிப்பு கோடையிலேயே வர வேண்டும், இல்லாவிட்டால் ஜனவரிக்குள் எதுவும் நிற்காது.

பழைய மரபு ஏதாவது இருந்தால் அதைத் தூசி தட்டுங்கள். வின்னிபெக்கின் செயின்ட் போனிஃபேஸ் பகுதியில் 1970 முதல் பிப்ரவரிதோறும் நடக்கும் 'ஃபெஸ்டிவல் டு வாயஜர்', அந்தக் காலத்து விலங்குத்தோல் வணிகத்தில் படகோட்டிய பிரெஞ்சு மக்களும், பூர்வகுடிகளும் ஐரோப்பியரும் கலந்து பிறந்த மேட்டி மக்களும் எடுக்கும் கொண்டாட்டம். பனியின் மேல் கொதிக்கும் மேப்பிள் பாகை ஊற்றிக் குச்சியில் சுருட்டிக் கொடுப்பார்கள். பிடில் வாசிப்பு, பனிச்சிற்பம், மரக்கோட்டை. அது அந்த மக்களின் மொழியும் வாழ்க்கையும் என்பதால் ஐம்பது ஆண்டைத் தாண்டி நிற்கிறது. மரபே இல்லாத இடத்தில் புனைகதையை வைத்தும் ஜெயிக்கலாம்: 1944-இல் போரில் எரிந்து சாம்பலான பின்லாந்தின் ரோவனியமி, 1985-இல் ஆர்க்டிக் வட்டத்தின் மேல் சாண்டா கிளாஸ் கிராமத்தைத் திறந்தது, இன்று டிசம்பரில் அங்கே அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அதன் மறுபக்கமும் உண்டு. வீடுகள் எல்லாம் குறுகிய கால வாடகைக்குப் போய்விட, ஊர்க்காரர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

5. வருகிறவரின் உடம்பைக் கவனியுங்கள்

குளிரே பார்க்காத ஊரிலிருந்து வருகிறவருக்கு மைனஸ் 25 என்றால் என்னவென்று எண்ணால் புரியாது. மூக்குக்குள் முடி விறைப்பதும், இமையில் வெண்துளி கட்டுவதும், காலடியில் பனி கிறீச்சிடுவதும், கைப்பேசி 40 சதவீதத்திலிருந்து படக்கென்று அணைந்துபோவதும் சொல்லி வைத்தால் சாகசம், சொல்லாவிட்டால் பீதி. அதனால் முன்பதிவு உறுதியான அன்றே ஒரு பக்கக் குறிப்பு போக வேண்டும்: கைப்பேசியை உள்பையில் வையுங்கள், பருத்திக் காலுறை வேண்டாம், மெல்லிய கம்பளி உள்ளாடை ஒன்று, அதன்மேல் இன்னொரு அடுக்கு, வெளியே காற்றுப் புகாத கோட்டு.

கோட்டையும் பூட்ஸையும் வாடகைக்குக் கொடுங்கள். நான்கு நாள் வருகிறவர் ஆயிரம் டாலருக்குக் கோட்டு வாங்க மாட்டார். அந்த ஒரு கணக்கிலேயே பாதிப் பேர் பயணத்தைக் கைவிடுகிறார்கள் என்பது என் ஊகம். பின்லாந்தின் வடக்கே லாப்லாந்தில் சுற்றுலா நடத்துகிறவர்கள் பயணக் கட்டணத்திலேயே முழு உடுப்பையும் பூட்ஸையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஹோட்டல் வரவேற்பறையிலேயே அளவு பார்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

எச்சரிக்கையைத் தெளிவாக எழுதுங்கள். கனடிய வானிலைத் துறையின் கணக்குப்படி, காற்றுடன் சேர்ந்த குளிர் மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைய ஆரம்பிக்கும். மைனஸ் 40-ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம்தான். இதைப் படித்து யாரும் வராமல் போகமாட்டார்கள். விவரமாகச் சொல்கிற ஊரை நம்பி வருவார்கள்.

நம் ஊர்க்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர் கோடையில் மட்டும்தான் வருவார்கள் என்று எல்லோரும் எழுதி வைத்திருக்கிறார்கள். குளிரில் வந்தால் அவர்களுக்கு என்ன தேவை? நடக்கும் தூரம் குறைவு, வழுக்காத தரை, ஆற்றங்கரையிலேயே சூடான சைவச் சாப்பாடு, உட்கார இடம். இதைச் செய்து கொடுத்தால் குடும்பத்தோடு மூன்று தலைமுறை வரும். சீனாவின் ஹார்பின் 2023-24 குளிர்காலத்தில் இதைத்தான் செய்தது. தெற்கிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தவர்களுக்கு 'தெற்கத்துக் குட்டி உருளைக்கிழங்குகள்' என்று செல்லப் பெயரே விழுந்தது. அவர்களுக்கு உறைந்த பேரிக்காயைக் கையில் தூக்கிக் கொடுக்காமல், நறுக்கித் தட்டில் அடுக்கிப் பரிமாறினார்கள். உள்ளூர்க்காரர்களே 'எங்களுக்கு இந்த உபசாரம் என்றைக்காவது நடந்ததுண்டா' என்று பொருமும் அளவுக்குக் கவனிப்பு.

6. ஐஸ் ஏமாற்றினால் என்ன செய்வீர்கள்?

ஒட்டாவாவின் ரிடோ கால்வாய் ஸ்கேட்டிங் பாதை 1970-71 குளிர்காலத்தில் தொடங்கியது. 2022-23-இல், முதல்முறையாக, ஒரு நாள்கூடத் திறக்க முடியவில்லை. ஐஸ் போதிய அளவு கெட்டியாகவில்லை. குளிரை நம்பித் தொழில் செய்கிறவர் இனிமேல் இதைக் கணக்கில் வைத்துத்தான் ஆக வேண்டும்.

ஆகவே முதன்மைக் காட்சிக்குத் தரையில் ஒரு மாற்று இருக்க வேண்டும். ஆறு உறையத் தாமதமானால் ஃபோர்க்ஸில் கரையிலேயே நீர் தெளித்து உறையவைத்த பாதைகள் இருக்கும். 'பிப்ரவரி முதல் வாரம் ஆற்றில் சறுக்கலாம்' என்று தேதி போட்டு விற்காதீர்கள். 'ஆறு அனுமதித்தால்' என்ற இரண்டு வார்த்தையைச் சேருங்கள். துருவ ஒளிக்கும் இதே விதி. வானம் மூடினால் எதுவும் தெரியாது, அதனால் அதை மட்டுமே நம்பி ஒரு பயணத்தை விற்கக் கூடாது. பகலில் செய்ய உருப்படியான ஏதாவது இருக்க வேண்டும்.

தவறு நடந்துவிட்டால் அன்றே பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். 2023 டிசம்பரில் ஹார்பினின் 'பனி உலகம்' என்ற ஐஸ் பூங்கா திறந்த நாளிலேயே வரிசையில் மணிக்கணக்கில் நின்று கடுப்பானவர்கள் 'பணத்தைக் கொடு' என்று கோஷம் போட்டார்கள், காணொளி நாடு முழுக்கப் பரவியது. நிர்வாகம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பியது. அந்தப் பருவம் நாசமாகும் என்று பார்த்தால், அதற்குப் பிறகுதான் கூட்டம் அலைமோதியது.

7. தொழில்களை அழைப்பது தனி வேலை

சுற்றுலாப் பயணியிடம் காட்டும் படத்தைத் தொழிலதிபரிடம் காட்டாதீர்கள். அவர் கேட்கும் கேள்விகள் வேறு: மின்சாரம் என்ன விலை, சரக்கு விமானம் இரவிலும் இறங்குமா, ஆட்கள் கிடைப்பார்களா, கிடைத்தவர்கள் இரண்டாவது குளிர்காலத்திலும் இருப்பார்களா.

குளிரையே மூலப்பொருளாகப் பயன்படுத்தும் தொழில்களிலிருந்து ஆரம்பியுங்கள். விமான எஞ்சின் ஒன்று உறைபனியிலும் இயங்கும் என்று நிரூபித்தால்தான் சான்றிதழ் கிடைக்கும். அதற்கு உண்மையான குளிர் வேண்டும். ஜிஇ நிறுவனம் 2012-இல் வின்னிபெக் விமான நிலையத்தையொட்டி எஞ்சின் சோதனை மையம் திறந்தது இதற்காகத்தான்: ராட்சத விசிறிகளின் முன்னே நுண்ணிய நீர்த்துளியைத் தெளித்து, எஞ்சினுக்குள் ஐஸ் படியவிட்டுச் சோதிப்பார்கள். மானிடோபாவின் வடக்கே தாம்ப்சன் என்ற சுரங்க ஊரிலும் ரோல்ஸ்-ராய்ஸும் பிராட் அண்ட் விட்னியும் சேர்ந்து 2010-இல் இப்படியொரு மையம் அமைத்தன. ஏர்பஸ் தன் ஏ380 விமானத்தைக் குளிர் சோதனைக்காக 2006-இல் கனடாவின் வடகோடியில் உள்ள இக்கலுயிட்டுக்குக் கொண்டுபோனது. ஸ்வீடனின் ஆர்யெப்லோக் வட்டாரத்தில் மொத்தமே மூவாயிரத்துக்கும் குறைவானவர்கள்தான் வாழ்கிறார்கள். குளிர்காலம் வந்தால் உறைந்த ஏரிகளில் பிரேக் சோதிக்க உலகின் கார் நிறுவனங்கள் அங்கே குவிந்துவிடும்.

இரண்டாவது ரகம், குளிரால் செலவு குறையும் தொழில்கள். ஃபேஸ்புக் அமெரிக்காவுக்கு வெளியே கட்டிய முதல் தரவு மையத்தை 2013-இல் ஸ்வீடனின் லூலியோவில் திறந்தது. வெளிக்காற்றே சர்வர்களைக் குளிர்விக்கிறது, லூலே ஆற்றின் நீர்மின்சாரம் பக்கத்திலேயே இருக்கிறது. வின்னிபெக்கிலும் மின்சாரம் ஏறக்குறைய முழுக்க நீர்மின்சாரம்தான். ஆனால் ஒன்று: தரவு மையம் ஏராளமான மின்சாரத்தைத் தின்று, கொஞ்சம் பேருக்கு மட்டும் வேலை தரும். தலைப்புச் செய்திக்காக மலிவு மின்சாரத்தை எல்லாம் அதற்கே வாரிக் கொடுத்துவிட்டு, நாளை தொழிற்சாலை ஒன்று வந்து கேட்கும்போது கையை விரிக்காதீர்கள்.

மூன்றாவது, குளிருக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாத சாதாரணத் தொழில்கள். எண்ணிக்கையில் இவைதான் அதிகம், இவற்றைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். இவர்களின் பயத்தைத் தீர்க்கக் காகிதத்தில் பதில் வேண்டும். கடந்த பத்து ஆண்டுகளில் வானிலையால் விமான நிலையம் எத்தனை மணி நேரம் மூடியிருந்தது? வெப்பமூட்டும் செலவு சதுர அடிக்கு எவ்வளவு? வின்னிபெக்கில் 2009-இல் திறந்த மாகாண மின்சார நிறுவனமான மானிடோபா ஹைட்ரோவின் தலைமையகத்தை உதாரணமாகக் காட்டலாம். மைனஸ் 35-இலிருந்து பிளஸ் 35 வரை எழுபது டிகிரி ஊசலாடும் ஊரில், தெற்கு வெயிலையும் வெயிலின் சூட்டில் காற்றை மேலே இழுக்கும் உயரமான சூரியப் புகைபோக்கியையும் வைத்து ஆற்றல் செலவைப் பெருமளவு குறைத்த கட்டடம் அது. முதலீட்டாளரை நேரில் கூட்டிப்போய்க் காட்டுங்கள். முடிந்தால் ஜனவரியிலேயே. ஜூனில் வரவழைத்துக் கையெழுத்து வாங்கியவர் டிசம்பரில் உங்களைத் திட்டுவார்.

ஆட்கள் தங்குவது பற்றி. மானிடோபா 1998 முதல் மாகாண நியமனத் திட்டத்தின் வழியே குடியேறிகளை எடுத்துவருகிறது. ஆள் வந்து இறங்கினால் மட்டும் போதாது. முதல் குளிர்காலத்துக்கு முன் யாராவது ஒருவர் காட்டித்தர வேண்டியவை சில இருக்கின்றன. வாகன நிறுத்துமிடத்தில் ஏன் மின்சார இணைப்புகள் வரிசையாக இருக்கின்றன, எஞ்சினைச் சூடாக வைக்கக் காரின் முன்னால் தொங்கும் வயரை இரவில் ஏன் அதில் சொருக வேண்டும், சொருகாவிட்டால் காலையில் எஞ்சின் ஏன் அசையாது என்பதெல்லாம் சென்னையிலிருந்தோ மணிலாவிலிருந்தோ வந்தவருக்கு யார் சொல்வார்கள்? வேலைக்கு வந்தவரைவிட வீட்டில் இருக்கும் துணைதான் பெரும்பாலும் 'போய்விடலாம்' என்று முடிவெடுக்கிறார். துணைக்கு வேலை, மொழி வகுப்பு, பக்கத்திலேயே ஐஸ் மைதானம், இவை தொழில் ஈர்ப்புத் திட்டத்தின் உள்ளேயே இருக்க வேண்டும்.

தொழில் மாநாட்டையும் குளிரோடு சேர்க்கலாம். ஔலுவில் 2014 முதல் 'போலார் பேர் பிட்சிங்' என்று ஒன்று நடக்கிறது. புது நிறுவனம் தொடங்கியவர் உறைந்த கடலில் வெட்டிய துளைக்குள் இறங்கி நின்று முதலீட்டாளர்களிடம் பேச வேண்டும். எவ்வளவு நேரம் நீருக்குள் தாக்குப்பிடிக்கிறாரோ அவ்வளவு நேரம் பேசலாம். நோக்கியாவின் சரிவால் ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் வேலையிழந்த ஊரில் முளைத்த யோசனை. அந்த ஊரின் குணத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த விளம்பரமும் சொல்லிவிட முடியாது.

8. இப்போது விளம்பரம்

படம் எடுப்பதில் ஒரே விதி: வெறும் வெள்ளை வேண்டாம். ஆளில்லாத பனிவெளி அழகாக இருக்கும், தனிமையாகவும் இருக்கும். ஆவி பறக்கும் கோப்பை, சிவப்புக் கம்பளித் தொப்பி, சிரிக்கும் பல், நீலம் கவியும் மாலையில் மஞ்சள் விளக்கு, இவை வேண்டும். வின்னிபெக் மாதிரி வெயில் ஊர் என்றால் நிழல் நீளமாக விழும் நண்பகல் படம் ஒன்றாவது கட்டாயம். இந்த ஜனவரிக்கான படம் போன ஜனவரியிலேயே எடுத்திருக்க வேண்டும் என்பது பலருக்கு அக்டோபரில்தான் நினைவுக்கு வருகிறது.

யாரிடம் சொல்வது? முதலில் மூன்று, நான்கு மணி நேரக் கார்த் தூரத்தில் இருப்பவர்களிடம். அவர்களுக்குக் கோட்டு இருக்கிறது, பயம் இல்லை. அடுத்து, ஏற்கெனவே உங்கள் ஊர் வழியே போகிறவர்கள். அக்டோபர், நவம்பரில் மானிடோபாவின் வடக்கே உள்ள சர்ச்சில் என்ற ஊருக்குத் துருவக் கரடி பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வின்னிபெக்கில் விமானம் மாறுகிறார்கள். அவர்களை முன்னும் பின்னும் ஓர் இரவு நிறுத்திவைப்பது, புதிய நாடு ஒன்றில் விளம்பரம் செய்வதைவிட மலிவு. நீண்ட தூர நாடுகள் மூன்றாவதுதான்.

வாசகம் எழுதுவதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுங்கள். முந்தைய படிகளைச் செய்து முடித்த ஊருக்கு அது தானாகக் கிடைக்கும்.

9. பணமும் கணக்கும்

நிரந்தர வரவு வேண்டும். வின்னிபெக் 2008-இல் ஹோட்டல் அறை வாடகையில் 5 சதவீத வரி போட்டு, சுற்றுலாவுக்கும் பெரிய நிகழ்ச்சிகளுக்கும் பணம் ஒதுக்க வழி செய்தது. வருகிறவர் தரும் பணம் அடுத்தவரை வரவழைக்கப் போகும்போது ஊர்க்காரர் சண்டைக்கு வரமாட்டார்.

எதை எண்ணுவது? திருவிழாவின் மொத்தக் கூட்டத்தை எண்ணாதீர்கள். ஒரே ஆள் மூன்று நாள் வந்தால் மூன்று பேராகிவிடுவார். பிப்ரவரியில் விற்ற ஹோட்டல் இரவுகள், வார நாட்களில் திறந்திருந்த உணவகங்கள், இரண்டாவது குளிர்காலமும் தங்கிய புதுக் குடியேறிகள், ஆற்றுப் பாதையில் சாதாரணச் செவ்வாய்க்கிழமை வந்த ஊர்க்காரர்கள். கடைசி எண் ஏறினால் மற்றவை மெதுவாகப் பின்னால் ஏறும்.

முதல் ஆண்டு நாட்காட்டி ஏறக்குறைய இப்படி: ஜனவரி, பிப்ரவரியில் படம் எடுப்பதும் பெட்டி இழுத்து நடந்து பார்ப்பதும். மார்ச்சில் ஹோட்டல்காரர், பனித்தள்ளும் துறை, உணவகங்கள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது. ஜூனுக்குள் போட்டி அறிவிப்பு. ஆகஸ்டில் உடுப்பு வாடகைக்கான ஒப்பந்தம். செப்டம்பரில் பக்கத்து ஊர்களுக்கு விளம்பரம், நவம்பரில் விமான நிலையத்தில் பலகை. ஜனவரி வந்ததும் புது விளம்பரம் எதுவும் வேண்டாம், வந்தவர்களைக் கவனியுங்கள்.

ஏப்ரலில் பனி உருகி, குளிர்காலம் முழுக்கச் சாலையில் தூவிய மணலும் அதற்கடியில் புதைந்திருந்த குப்பையும் ஒன்றாக வெளியே வரும். பெருக்கும் வண்டி வந்து முடிக்கும் வரை அந்த மாதத்தில் யாரையும் அழைக்காதீர்கள்.